ஃபிக்ஸட் ரூட்டா, நார்த் லைனா? லாரி டிரைவருங்க எங்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விங்க

நான் நாமக்கல் பக்கம். 11 வருசம் நார்த் லைன் ஓட்டிட்டு, இப்ப 6 வருசமா சேலம் - சென்னை பார்சல் வண்டி ஒரே ரூட்ல ஓட்டிட்டு இருக்கேன். ரெண்டும் பாத்த ஆளுங்கறதால பட்டறைல, டயர் கடைல, போன்லனு பசங்க ஒரே சந்தேகத்தயே மாத்தி மாத்தி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதான் கேட்ட மாதிரியே கேள்விய போட்டு எனக்கு தெரிஞ்சத எழுதிட்டேன். சின்ன கேள்விங்க மேல இருக்கு, கொஞ்சம் யோசிக்க வேண்டியதெல்லாம் கீழ.

அண்ணா ஃபிக்ஸட் ரூட்டுனா என்ன, நார்த் லைன்னா என்ன, மொதல்ல அத தெளிவா சொல்லுங்க

ஃபிக்ஸட் ரூட்டுனா வண்டி ஒரு கம்பெனிக்கோ பார்சல் ஆபீசுக்கோ கான்ட்ராக்ட்ல ஓடும், ஏத்தற எடமும் எறக்கற எடமும் மாறாது. சேலம் - சென்னை நைட் பார்சல், திருப்பூர்ல இருந்து தூத்துக்குடி ஹார்பருக்கு கன்டெய்னர், நாமக்கல் முட்டை கேரளாவுக்கு, அரியலூர் சிமெண்ட், ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி லோடு, பால் டேங்கர், பங்க் டேங்கர் இதெல்லாம் அந்த வகை.

நார்த் லைன்னா நேஷனல் பர்மிட் வண்டி (எல்லா மாநிலத்துக்கும் போகலாம்), மார்க்கெட் லோடு, அதாவது கான்ட்ராக்ட் இல்லாம அப்பப்ப கிடைக்கற சரக்கு. சேலத்துல ஜவ்வரிசி ஏத்துவீங்க, கல்கத்தால எறக்குவீங்க, அங்க இருந்து ரிட்டன் எது கிடைக்குதோ அது. நாசிக் வெங்காயமா இருக்கலாம், கிஷன்கர் மார்பிளா இருக்கலாம், கோழித்தீவனத்துக்கு சோளமோ சோயாவோ இருக்கலாம். எப்ப வீடு வருவீங்கனு கெளம்பும்போது உங்களுக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது, புக்கிங் ஆபீஸ்காரருக்கும் தெரியாது.

எதுல காசு ஜாஸ்தி வரும், ஒரே வார்த்தைல சொல்லுங்கண்ணா

ஒரே வார்த்தைல சொன்னா அது பொய்யாயிரும் தம்பி. எல்லாரும் ஒரு டிரிப்புக்கு எவ்வளவு கைல வந்துச்சுனு தான் பாக்கறாங்க. நான் சொல்றது வாசப்படி டூ வாசப்படி கணக்கு. வீட்டு வாசப்படிய தாண்டின நாள்ல இருந்து, திரும்பி வந்து வீட்ல இருந்துட்டு அடுத்த டிரிப்புக்கு மறுபடி தாண்டற நாள் வரைக்கும் மொத்தம் எத்தன நாள்னு எண்ணுங்க. வந்த காசுல ரோட்டுல நீங்க தின்னது, டீ, குளிக்க குடுத்தது எல்லாத்தயும் கழிங்க. மிச்சத்த நாளால வகுங்க.

ஒரு உதாரணம் போடறேன், இது கணக்கு புரியறதுக்காக நானா எடுத்த நம்பர், உங்க நம்பர வச்சு போட்டு பாருங்க. நார்த் டிரிப் 16 நாள், கைல 20,000. ரோட்டுச் செலவு ஒரு நாளைக்கு 350 வச்சா 5,600 போக மிச்சம் 14,400. வந்து 4 நாள் வீட்ல, அதுக்கு சம்பளம் கிடையாது. 20 நாளால வகுத்தா 720. ஃபிக்ஸட் ரூட்ல சம்பளம் 17,000, நைட்டுக்கு 250 படி, மாசம் 24 நைட்டுனா மொத்தம் 23,000. செலவு நைட்டுக்கு 100 போனா 20,600, 30 நாளால வகுத்தா 686. நார்த் கொஞ்சம் மேல தெரியுது பாருங்க. ஆனா அதே நார்த் டிரிப்ல ரிட்டன் லோடு கிடைக்காம 5 நாள் நின்னீங்கனா செலவும் ஏறும் நாளும் ஏறும், 12,650ஐ 25 நாளால வகுக்கணும், 506 தான் வரும்.

அதனால நான் எந்த லைன்னு பாக்கறதில்ல, சக்கரம் நிக்கும்போது யார் காசு குடுக்கறாங்கனு தான் பாப்பேன். கீழ வர்ற பாதி கேள்விக்கு இதுதான் பதில்.

நிக்கற நாளுக்கு ஹால்ட்டிங் குடுப்பாங்கல்ல?

ஓனருக்கு பார்ட்டி, அதாவது சரக்குக்காரங்க, குடுக்கறது வேற, ஓனர் உங்களுக்கு குடுக்கறது வேற. ரெண்டயும் தனித்தனியா கேளுங்க. மார்க்கெட் லோடுல ஒரு நாள் ரெண்டு நாள் ஃப்ரீ, அதுக்கு மேல தான் ஹால்ட்டிங்னு பேசுவாங்க. அதுவும் பில்லுல கையெழுத்தும் டைமும் இருந்தா தான். உள்ள போன நேரம், எறக்கி வெளிய வந்த நேரம் ரெண்டயும் கேட்ல எழுதி வாங்குங்க, இல்லனா கேட் பக்கத்துல வண்டி நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அப்பவே ஓனருக்கு அனுப்பி வைங்க.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு தடவ கல்கத்தாவுக்கு வெளிய டங்குனி பக்கம் ஒரு குடோன்ல ஜவ்வரிசி லோடோட நாலு நாள் நின்னேன், ஆடி மாச மழை. குடோன் ஃபுல்லு, எடமில்லனு சொல்லிட்டாங்க. தார்ப்பாய்ல முன்னாடி மூலைல விரல் நுழையற அளவு ஒரு கிழிசல். ராத்திரி பூரா ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ஏணி போட்டு ஏறி, அந்த குழில தேங்கற தண்ணிய கையால தள்ளி விட்டுட்டே இருந்தேன். அப்படியும் மேல் அடுக்குல நாலு மூட்டை நனைஞ்சு கட்டி தட்டிருச்சு. நாலு மூட்டைக்கும் எங்கிட்ட புடிச்சாங்க, நாலு நாளுக்கு ஒரு ரூபா வரல, ஏன்னா நான் எப்ப வந்தேன்ங்கறதுக்கு எங்கிட்ட ஒரு சீட்டு கூட இல்ல.

ஃபிக்ஸட் ரூட்டுனா டெய்லி வீட்டுக்கு வந்தரலாம் தானுங்ணா?

வரலாம், ஆனா எப்ப வரீங்கனு பாருங்க. பார்சல் வண்டினா சாயந்திரம் ஏழு எட்டுக்கு ஏத்தி, நைட் பூரா ஓட்டி, காலைல எறக்கற மாதிரி தான் இருக்கும். சேலத்துல இருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். பகல்ல சென்னைக்குள்ள பெரிய வண்டிக்கு நேரக்கட்டுப்பாடு வேற இருக்கறதால ராத்திரி தான் தொழிலே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்ல காலைல ஒம்பது மணிக்கு வந்து படுப்பேன். ஊரே முழிச்சிருக்கற நேரம். பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடும், வாசல்ல காய்கறி வண்டி ஸ்பீக்கர் போட்டுட்டு வரும், கூரை தகரம்னா பதினோரு மணிக்கு மேல படுக்கவே முடியாது.

ஒன்னு சொல்றேன், என் சின்னப் பொண்ணு ஸ்கூல் விட்டு நாலேகாலுக்கு வரும். வந்ததும் கதவ மெதுவா தொறந்து நான் முழிச்சிருக்கனானு எட்டிப் பாக்கும், கண்ணு தொறந்திருந்தா தான் பைய எறக்கி வெக்கும். நார்த் ஓட்டினப்ப பெரியவனுக்கு எந்த வாத்தியார்னு கூட எனக்கு தெரியாது. எனக்கு அந்த நாலேகால் மணி போதும், அதுக்காகத்தான் மாறினேன். உங்களுக்கு அது பெருசா இல்லையாங்கறது உங்க வீட்டப் பொறுத்தது.

தூக்கம் எதுல நல்லா கெடைக்கும்?

நேரா பாத்தா நார்த்ல தான் நல்லா தூங்கலாம், நெறைய பேர் இத நம்ப மாட்டாங்க. மார்க்கெட் லோடுல டைம் பிரஷர் கம்மியான சரக்குனா கண்ண சொக்கினா ஓரங்கட்டி படுத்துக்கலாம். ரெண்டு டிரைவர் வண்டினா இன்னும் நல்லது. ஆனா வெங்காயம், ஆப்பிள், தக்காளினு அழுகற சரக்கு ஏத்தினா அந்த கத வேற.

ஃபிக்ஸட் ரூட்ல ஜி.பி.எஸ் வச்சிருப்பாங்க, அரை மணி நேரம் நின்னாலே போன் வரும். 1961ல வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்துலயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தூரப் பயணம்னா 10 மணி நேரம் வரைக்கும், 5 மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரம் ரெஸ்ட்டுனு எழுதி வச்சாங்க. எத்தன கம்பெனில அத பாக்கறாங்கனு நம்ம எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு சேரும்போதே "நடுவுல ஒரு மணி நேரம் படுத்துக்குவேன், அதுக்கு ஃபைன் போடக்கூடாது"னு பேசிக்கங்க. பேச வெக்கப்படாதீங்க, உசுரு விசயம். நான் விழுப்புரம் தாண்டி ஒரு பங்க்ல ரெண்டு மணிக்கு நாப்பது நிமிசம் படுப்பேன், ஆறு வருசமா அத விட்டதில்ல.

பழகின ரோடுனா ஆபத்து கம்மி தான அண்ணா?

மேடு பள்ளம், ஸ்பீட் பிரேக்கர், எந்த வளைவுல மணல் இருக்கும்னு எல்லாம் தெரியும், அது உண்மை. ஆனா பழகின ரோட்டுல தான் மூளை தூங்கும். கை ஓட்டிட்டு இருக்கும், டோல்கேட் தாண்டினதே ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு தடவ ஆச்சுனா அடுத்த பங்க்ல நிறுத்திருங்க, யோசிக்கவே வேண்டாம்.

தொப்பூர் கணவாய எடுத்துக்கங்க. பெங்களூர் - சேலம் டெய்லி ஓட்டற ஆளு தான் எறக்கத்துல தைரியமா நியூட்ரல்ல விடுவான், டீசல் மிச்சம்னு. லோடு வண்டி நியூட்ரல்ல எறங்கினா முழு பாரமும் பிரேக் டிரம்ல தான் விழும், சூடாகி ஒரு கட்டத்துல பிரேக் புடிக்காது. ஏர் பிரஷரும் எறங்கிட்டே வரும். மேல ஏறினப்ப என்ன கியரோ அதே கியர்ல எறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக் (இஞ்சின் புகைய அடைச்சு வேகத்த கொறைக்கறது) போடுனு எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்த அண்ணன் சொன்னது, இன்னிக்கும் அதான் செய்யறேன். புது ரோட்டுல போற நார்த் டிரைவர் பயந்து பயந்து எறங்குவான், அந்த பயம் அவன காப்பாத்தும்.

ஹிந்தி தெரியாது, நார்த் போக முடியுமா?

போகலாம். மொதல் ரெண்டு டிரிப் தெரிஞ்ச டிரைவர் கூட போங்க, இல்ல நம்மூர் வண்டிங்க ரெண்டு மூணு சேந்து போகும்போது பின்னாடியே போங்க. எண்ணு, வலது இடது, கித்னா (எவ்வளவு), காலி கர்னா (லோடு எறக்கறது), பில், காட்டா (எடை மேடை), இவ்வளவு தெரிஞ்சா மொத டிரிப் ஓடிரும். மூணாவது டிரிப்ல சண்ட போடற அளவுக்கு வந்துரும். ஆந்திரா ஒடிசா கல்கத்தா பக்கம் என்.ஹெச் 16ல தெலுங்கு கொஞ்சம் கைகுடுக்கும். ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரானு என்.ஹெச் 44ல போனீங்கனா ஹிந்தி இல்லாம ஆகாது.

செக்போஸ்ட் தொல்ல, மாமூல் தொல்ல இன்னும் இருக்கா?

முன்ன மாதிரி இல்ல. 2017 ஜூலைல ஜி.எஸ்.டி வந்ததுல சேல்ஸ் டாக்ஸ் செக்போஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க, வாளையார்ல ராத்திரி பூரா லைன்ல நின்னது எல்லாம் பழைய கத. 2021 பிப்ரவரில ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு, டோலுக்கு கட்டு கட்டா காசு தூக்கிட்டு போற பயமும் இல்ல. ஆர்.டி.ஓ, போலீஸ் செக்கிங் அப்படியேதான் இருக்கு. பேப்பர் எல்லாம் கரெக்ட்டா இருக்கற வண்டி, லோடு அளவா இருக்கற வண்டினா தலை நிமிந்து போகலாம். இந்த ஒரு விசயத்துல ஃபிக்ஸட் ரூட் நிம்மதி, கம்பெனி வண்டிக்கு பேப்பர் எல்லாம் முறையா இருக்கும்.

வழில வண்டி ரிப்பேராகி இ-வே பில் டைம் முடிஞ்சு போச்சுனா என்ன பண்றது?

இது நார்த்ல அடிக்கடி வரும். இ-வே பில்லுங்கறது சரக்கு கூட போற ஜி.எஸ்.டி சீட்டு, அதுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. 2,000 கிலோமீட்டர்னா 10 நாள், ஓடிட்டே இருந்தா தாராளம், ஆனா இஞ்சின்ல வேலை வந்து மூணு நாள் பட்டறைல நின்னா இழுத்துரும். டைம் முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடில இருந்து முடிஞ்சு 8 மணி நேரம் வரைக்கும் எக்ஸ்டென்சன் போடலாம். அத போடறது பார்ட்டியோ டிரான்ஸ்போர்ட்டோ தான். உங்க வேலை, வண்டி நின்ன உடனே போன் பண்ணி சொல்றது. பட்டறை பில்லு, வண்டி நிக்கற போட்டோ ரெண்டும் கைல இருக்கட்டும். முடிஞ்ச பில்லோட மாட்டினா வண்டியயே புடிச்சு வெப்பாங்க, ஃபைன் பார்ட்டி கட்டினாலும் நிக்கற நாள் உங்களோடது, மேல சொன்ன அதே கணக்கு தான்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?

நார்த்னா அடுப்பு, அரிசி, பருப்பு, புளி, வீட்ல அரைச்ச மொளகாத்தூள் எல்லாம் வண்டிலயே. பங்க்லயோ தாபா பக்கத்துலயோ நிறுத்தி பொங்கிக்குவோம், ரசம் வெச்சா பக்கத்து வண்டிக்காரங்களும் டம்ளரோட வருவாங்க. வயிறும் கெடாது காசும் மிச்சம். கேபினுக்குள்ள மட்டும் அடுப்பு பத்த வெக்காதீங்க, மழை பேஞ்சாலும் கீழ எறங்கி தார்ப்பாய் கட்டி சமைங்க. ஃபிக்ஸட் ரூட்ல கைல டிபன் பாக்ஸ், அவ்ளோதான்.

இப்பதான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன், எதுல ஆரம்பிக்கறது?

ஃபிக்ஸட் ரூட்ல, கூட ஒரு ஆள் இருக்கற வண்டில. லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆகணும், 20 வயசு ஆகணும், அதுக்கப்புறம் தான் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ். எட்டாங்கிளாஸ் பாஸ் ஆகியிருக்கணும்ங்கற ரூல 2019ல எடுத்துட்டாங்க. லைசென்ஸ் வேற, வண்டி கைல படியறது வேற. ஒரே ரோட்டுல ஒரு வருசம் ஓட்டினா ரோட பத்தி கவல இல்லாம வண்டிய கத்துக்கலாம்: லோடோட எப்ப கியர் மாத்தறது, கண்ணாடி பாத்து ரிவர்ஸ், எந்த சத்தம் பட்டா கட்டுல (ஸ்பிரிங் பட்டை) இருந்து வருது, எது வீல் பேரிங், டயர தட்டிப் பாத்தே காத்து கம்மினு கண்டுபுடிக்கறது. அப்புறம் நார்த் போங்க. நேரா நார்த் போனா ரோடு, பாஷை, வண்டி மூணயும் ஒரே நேரத்துல கத்துக்கணும், அது ரிஸ்க்.

டேங்கர் ஓட்டலாமா, சம்பளம் நல்லாருக்குனு சொல்றாங்க

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் எல்லாம் நம்ம நாமக்கல், சங்ககிரி பக்கம் நெறைய. பாதி ஃபிக்ஸட் பாதி லாங் மாதிரி, பிளான்ட் டு பிளான்ட் ஓடும், ரிட்டன் லோடு தேடற வேலை இல்ல. அதுக்கு ஆபத்தான சரக்கு டிரெய்னிங் மூணு நாள் போய், லைசென்ஸ்ல அத ஏத்தணும். அந்த லைசென்ஸ் 3 வருசத்துக்கு தான், மத்த டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருசம். பிளான்ட் வாசல்ல லைன்ல நிக்கறது தான் தொல்ல. டெண்டர் மாறினா எல்லாம் மாறும், 2025 மார்ச்ல புது டெண்டர் கண்டிசன் ஒத்து வரலனு எல்.பி.ஜி டேங்கர்காரங்க ஸ்டிரைக்கே பண்ணாங்க. பொறுமையான ஆளா, புகை பழக்கம் இல்லாத ஆளா இருந்தா நல்ல வேலை. அவசரக்காரனா இருந்தா வேண்டவே வேண்டாம்.

ஏனுங்ணா, எங்க வீட்டுக்காரரு 20 நாளைக்கு ஒருக்கா தான் வராரு, ஃபிக்ஸட் ரூட்டுக்கு மாறச் சொன்னா கோவப்படறாரு, நீங்க சொல்லுங்களேன்

அம்மணி, கோவத்துக்கு காரணம் பெரும்பாலும் பயம் தான். நார்த்ல அவரு தான் ராஜா, வண்டி அவரு சொல்ற இடத்துல நிக்கும். ஃபிக்ஸட் ரூட்ல வயசுல சின்ன சூப்பர்வைசர் பையன் "ஏன் லேட்டு"னு கேப்பான், அது தாங்காது. எனக்கே மொத ஆறு மாசம் அப்படித்தான் இருந்துச்சு. இன்னொன்னு, ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருப்பாரு, அது கழியாம வண்டிய விட்டு எறங்க முடியாது. வீட்ல சொல்லியிருக்க மாட்டாரு. மொதல்ல அந்த அட்வான்ஸ் எவ்வளவுனு சண்ட போடாம கேளுங்க. கழிக்க எத்தன டிரிப் ஆகும்னு ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நோட்டுல எழுதுங்க. அப்புறம் ரெண்டாவது கேள்வில நான் போட்ட கணக்க அவரயே போடச் சொல்லுங்க. நீங்க போட்டு காட்டினா ஒத்துக்க மாட்டாரு.

ஃபிக்ஸட் ரூட்ல லேட்டானா ஃபைன், டேமேஜ்க்கு ஃபைன்னு புடிக்கறாங்களாமே?

புடிக்கறாங்க, எல்லா எடத்துலயும் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி அங்க ஓட்டற டிரைவர் ரெண்டு பேர்கிட்ட, ஆபீஸ்ல இல்ல, வெளிய டீக்கடைல கேளுங்க: போன மாசம் எவ்வளவு புடிச்சாங்க, சம்பளம் எத்தனாந்தேதி ஏறுது, வண்டி எஃப்.சிக்கு (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) நின்னா அந்த நாளுக்கு சம்பளம் உண்டா. மூணாவது கேள்விய யாரும் கேக்கறதில்ல. வண்டி பட்டறைல நிக்கற நாளுக்கும் மாசச் சம்பளம் குடுக்கறாங்கனா அது நல்ல கம்பெனி. டிரிப் இருந்தா தான் காசுனா, பேருக்கு ஃபிக்ஸட் ரூட்டு, உள்ள மார்க்கெட் லோடு தான்.

மலை ரூட்டுனா அங்க இருக்கற தடையயும் சேத்து கேளுங்க. பந்திப்பூர் வழியா ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் விட மாட்டாங்க, திம்பத்துலயும் 2022 பிப்ரவரில இருந்து ராத்திரி தடை. அது தெரியாம ஆபீஸ்ல உக்காந்து டைம் போட்டுட்டு உங்கள லேட்டுனு சொல்லக்கூடாது.

பி.எஃப், இ.எஸ்.ஐ, இன்சூரன்ஸ் எல்லாம் எதுல கெடைக்கும்? அடிபட்டா யாரு பாப்பாங்க?

பெரிய கம்பெனி பார்சல் ஆபீஸ்னா பி.எஃப் இருக்கும், சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐயும் வரும். என் மனைவிக்கு ஆபரேசன் ஆனப்ப இ.எஸ்.ஐ இல்லனா வட்டிக்கு தான் வாங்கியிருப்பேன். ஒண்ணு ரெண்டு வண்டி வச்சிருக்கற ஓனர்கிட்ட இது எதிர்பாக்க முடியாது, அவங்க கெட்டவங்கனு இல்ல, அந்த சட்டம் குறிப்பிட்ட அளவு ஆள் வேலை செஞ்சா தான் பொருந்தும்.

ஆனா இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்: வேலைல இருக்கும்போது டிரைவருக்கு அடிபட்டா இழப்பீடு குடுக்க வேண்டியது ஓனர் பொறுப்பு, 1923ல இருந்தே அதுக்கு சட்டம் இருக்கு. வண்டி இன்சூரன்ஸ்ல சம்பளத்துக்கு ஓட்டற டிரைவரும் சேந்திருக்காரானு பாலிசி பேப்பர்ல பாருங்க. அப்படியே நீங்க அந்த வண்டில தான் வேலை செய்யறீங்கங்கறதுக்கு ஒரு ஆதாரம் வேணும், பேங்க்ல சம்பளம் வாங்குங்க, டிரிப் ஷீட்ட போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க. அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்துலயும் பதிஞ்சு வைங்க, கார்டு போட்டா பசங்க படிப்புக்கு உதவித்தொகை கேக்கலாம்.

ஓவர்லோடு ஏத்தச் சொல்றாங்க, மறுத்தா வேலை போயிரும், என்ன பண்றது?

2018ல அளவ ஏத்திட்டாங்க, ஆறு சக்கரத்துக்கு மொத்த எடை 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன். அதுக்கு மேலயும் ஏத்தினா 20,000 ஃபைன், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஃபைன ஓனர் கட்டிருவாரு. ஆனா எறக்கத்துல பிரேக் புடிக்காம போனா ஸ்டியரிங்ல இருக்கறது நீங்க. கேஸ் உங்க பேர்ல, லைசென்ஸ் உங்களோடது. எடை சீட்டு இல்லாம வண்டிய எடுக்காதீங்க. வேலை போனா வேற வேலை கெடைக்கும், டிரைவருக்கு இன்னிக்கு எங்கயும் ஆள் பத்தல.

சொந்தமா வண்டி வாங்கி ஓட்டலாம்னு இருக்கேன், கான்ட்ராக்ட்ல விடறதா, மார்க்கெட் லோடா?

ட்யூ (வண்டிக் கடன் தவணை) கட்டற வண்டினா இந்த கேள்விக்கு பதில் வேற மாதிரி. கான்ட்ராக்ட்ல வேலை நிச்சயம், ஆனா காசு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வரும். அதுவரைக்கும் டீசல், ஃபாஸ்டேக், டிரைவர் சம்பளம், ட்யூ எல்லாம் உங்க கைல இருந்து. மூணு மாசச் செலவு கைல இல்லாம கான்ட்ராக்ட்ல விட்டவங்க பாதி பேர் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கறாங்க. மார்க்கெட் லோடுல ஏத்தும்போதே பெரும்பங்கு அட்வான்ஸ் வந்துரும், எறக்கின கையெழுத்தோட பில்லு திரும்பினதும் பேலன்ஸ், கைல காசு ஓடிட்டே இருக்கும், ஆனா லோடு இல்லாத மாசம் ட்யூ நிக்காது.

கான்ட்ராக்ட் பேப்பர்ல ரெண்டு வரி இருக்கானு பாருங்க. மாசத்துக்கு இத்தன கிலோமீட்டர் குறையாம வாடகை குடுப்போம்ங்கற வரி ஒன்னு, டீசல் வெலை ஏறினா வாடகையும் ஏறும்ங்கறது இன்னொன்னு. இந்த ரெண்டும் இல்லனா அந்த கான்ட்ராக்ட் உங்கள கட்டிப் போடறதுக்கு மட்டும் தான். பி.எஸ்-6 வண்டினா டீசலோட டெஃப் (புகைய சுத்தம் பண்ண தனியா ஊத்தற திரவம்) செலவயும் கணக்குல சேருங்க, நெறைய பேர் மறந்துடறாங்க. முடிஞ்சா வண்டி மார்க்கெட் லோடுல ஓடட்டும், கான்ட்ராக்ட்க்கு பணம் சேந்தப்புறம் மாத்துங்கனு தான் நான் சொல்வேன்.

வயசு 48, முதுகுவலி, சுகர் வேற, இனி எது நல்லது?

பகல்ல ஓடற ஃபிக்ஸட் ரூட் தேடுங்க, பால் வண்டி, ஃபேக்டரி டு குடோன், பங்க் டேங்கர் மாதிரி. நைட் பார்சல் வேண்டாம், சுகர் இருக்கறவங்களுக்கு சாப்பாட்டு நேரமும் தூக்கமும் மாறினா உடம்பு தாங்காது. மாத்திரை நேரத்துக்கு போடணும், ஒன்னுக்கு வந்தா அடக்காம நிறுத்தணும். நார்த்லயே இருப்பேன்னா ஏ.சி கேபின் வண்டியா பாருங்க, 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற பெரிய லாரிக்கெல்லாம் ஏ.சி கட்டாயம்னு வந்திருக்கு. மே மாசம் நாக்பூர் தாண்டும்போது பழைய கேபின்ல ஸ்டியரிங்க தொட முடியாது, துண்ட நனைச்சு சுத்தி தான் புடிக்கணும், அந்த வயசுல அது வேண்டாம்.

ஒரு தடவ மாறிட்டா திரும்ப நார்த்துக்கு போக முடியுமா?

போகலாம், நான் பாத்தவரைக்கும் போனவங்க பல பேர். மாறறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஆக்டிங்கா, அதாவது மாத்து டிரைவரா, ஓட்டிப் பாருங்க, இருக்கற ஓனர்கிட்ட சொல்லிட்டு போங்க, மறைச்சு போகாதீங்க. அந்த ரெண்டு மாசமும் ஒரு நோட்டுல தேதி போட்டு மூணே விசயம் எழுதுங்க: எத்தன மணி நேரம் தூங்கினேன், எத்தன மணி நேரம் வண்டி சும்மா நின்னுச்சு, கைல எவ்வளவு வந்துச்சு. நார்த் ஓட்டும்போதும் கடைசி ரெண்டு டிரிப்புக்கு இதே மாதிரி எழுதியிருக்கணும், இல்லனா ஒப்பிட முடியாது. என் நோட்டுல நார்த் பக்கத்துல "நின்னது"ங்கற கட்டத்துல மட்டும் ஒரு டிரிப்புக்கு 131 மணி நேரம் வந்துச்சு, கூட்டி முடிச்சதும் அந்த நோட்ட அப்படியே என் வீட்டம்மா கைல குடுத்துட்டேன்.